அந்தப் பக்கத்துக் குழாய்

— எந்திரிக்காத வடிவு, தையல் பிரிஞ்சுரும். சும்மா படு.

— எப்ப வந்தீங்க மாமா?

— இப்பத்தான். நஞ்சன்கூட்டுல கம்பெனிக்குள்ள போனை வாங்கி வெச்சுக்குவானுங்க, தெரியுமல்ல. வெளிய வந்து பாத்தா பாப்பாத்தியக்கா அத்தன தடவ கூப்பிட்டிருக்குது.

— அவங்கதான் ஆட்டோ புடிச்சுக் கூட்டியாந்தாங்க. கட்டடத்துல அவங்ககூடச் செவுத்துக்குத் தண்ணி அடிச்சுக்கிட்டிருந்தேன். கண்ணு இருட்டிருச்சு.

— வகுறு வலிக்குதுன்னு முந்தியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?

— வகுறு லேசாத்தான் வலிச்சுது. தோளுதான் குத்துச்சு. தோளு வலிக்கு யாராச்சும் ஆசுபத்திரி போவாங்களா? உள்ள ரத்தம் கொட்டி நின்னா அங்க குத்துமாம். டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும்.

— கரு இருந்த குழாய எடுத்துட்டாங்கன்னு நர்சு சொன்னா. கரு ஏன் புள்ள அங்க போயி ஒக்காந்துச்சு?

— போகலீங்க, அங்கயே நின்னுருச்சு. குழாய்லதான் உண்டாகுமாம், அப்புறம் நகந்து கர்ப்பப்பைக்கு வருமாம். நம்மளது கொழந்தை வேண்டாம்னு கட்டுன குழாய மறுபடியும் பிரிச்சு ஒட்டுனதாச்சே. ஒட்டுன எடத்துல தழும்பாகி வழி குறுகிப் போச்சு. நகர முடியாம அங்கயே வளந்து, வெடிச்சிருச்சு.

— அதை எடுத்துக் கர்ப்பப்பையில வெக்க முடியாதா?

— நானும் அதத்தான் கேட்டேன். முடியாதாம்.

— நம்ம பையன் ரவி ஒருத்தன் போதும்னு உன்னக் குழாயக் கட்டிக்கச் சொன்னேன் பாரு, என்ற புத்தியச் செருப்பால அடிக்கோணும்.

— காய்ச்சல் வந்து அவன் போயிருவான்னு யாரு கண்டா? உடுங்க.

— பக்கத்துக் கட்டில்ல கொழந்தை என்னமா அழுகுது!

— அப்பத்துல இருந்து அழுகுது. அந்தம்மா, ‘நின் மகு எல்லி’ன்னு என்ற கொழந்தை எங்கன்னு கேட்டுச்சு.

— என்ன சொன்ன?

— கன்னடம் தெரியாதுன்னுட்டேன்.

— நீயா? மார்க்கெட்டுல கன்னடத்துலயே சண்டை போடுவியே!

— தெரியாதுன்னுட்டேன்.

— சரி, மனசப் போட்டு ஒழப்பிக்காத. அந்தப் பக்கத்துக் குழாய் இருக்குதல்ல? எங்க சூப்பர்வைசர் சம்சாரத்துக்கு ஒரு குழாய்தான். பையன் பொறந்து பள்ளிக்கூடம் போறான்.

— மாமா...

— ஒரு வருசம் போகட்டும். நீ வேலைக்கே போக வேண்டாம், நாஞ் சம்பாரிக்கறேன். மாதேசுவரன் மலைக்கு நடந்தே வர்றேன்னு பஸ்ஸுல நின்னுக்கிட்டே வேண்டிக்கிட்டேன்.

— டாக்டரம்மா கேட்டாங்க. ஆபரேசனுக்கு உள்ள கொண்டுபோறதுக்கு முந்தி. அந்தப் பக்கமும் ஒட்டுப்போட்டதுதான, அதுலயும் இப்படி ஆகலாம், ஆகாமயும் போகலாம், என்ன செய்யட்டும்னாங்க.

— இருக்கட்டும்னு சொல்லீட்டயல்ல?

— பக்கத்துல யாருமே இல்லீங்க. பாப்பாத்தியக்காவ வெளிய நிறுத்திட்டாங்க. கை காலெல்லாம் சில்லிட்டுப் போச்சு. கொழந்தை நெனப்பே வரல எனக்கு. ரவி நெனப்பும் வரல.

— வடிவு, என்ன சொன்ன நீ?

— சாகக்கூடாதுன்னு மட்டுந்தான் இருந்துச்சு மாமா. அதையும் எடுத்துருங்கன்னு நாந்தான் சொன்னேன்.