மூணாவது வரிசையில நின்னவன்

இல்ல தங்கச்சி, நீங்க முதல்ல போங்க. எனக்கு அவசரமில்ல. ஜெயில்ல இருக்கறது மகனா? ம்.

கடைக்காரப் பொண்ணு அவனக் கை காட்டிட்டாளா. அவ பொய் சொல்றான்னு வக்கீல பேச விடாதீங்க. பொய் சொல்ல மாட்டா. பாத்தேன்னு நம்புவா. அப்படிப்பட்ட சாட்சிய அசைக்க முடியாது. நான் சாட்சிக் கூண்டுல நின்னவன், சொல்றேன்.

சூசைன்னு எங்க சங்கச் செயலாளர். துறைமுகத்துல வேலைநிறுத்தம், பத்தாவது நாள். சாயங்காலம், நல்ல மழை. லாரியிலேருந்து குதிச்சவன் ஒருத்தன் துறைமுக கேட்டு முன்னாடி சூசையக் கத்தியால குத்திட்டு ஓடிட்டான். நான் முப்பதடி தள்ளி நிக்கறேன், கையில நோட்டீஸ் கட்டு.

ஸ்டேஷன்ல ஒன்பது பேர வரிசையா நிறுத்தினாங்க. ஆறாவது ஆளத் தொட்டேன். ரொஸ்லான், லாரி ஓட்டறவன். முன்ன பின்ன பாத்திருக்கீங்களான்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. இல்லன்னேன். அப்ப அது பொய்யில்ல.

கோர்ட்டுல எல்லாத்தையும் அளந்தாங்க. எத்தன அடி, எவ்வளவு வெளிச்சம், எத்தன நொடி. அவன் வக்கீல் ரெண்டு நாள் குடைஞ்சாரு. நான் எத்தன மேடை, எத்தன லாக்கப் பாத்தவன். பள்ளிக்கூடம் போகாம நோட்டீசப் படிச்சே எழுத்து கத்துக்கிட்டவன். மூஞ்சியப் பாத்துத்தான் நோட்டீஸ் கொடுப்பேன், பாத்த மூஞ்சி மறக்காதுன்னேன். சாட்சி கொஞ்சமும் தடுமாறலன்னு நீதிபதி தீர்ப்புல எழுதினாரு. பேப்பர்ல வந்த அத வெட்டி சங்க ஆபீஸ்ல ஒட்டினோம். அவனுக்கு முப்பது வருஷம்.

நாலு வருஷம் கழிச்சு ஆபீஸ காலி பண்றப்ப ஒரு போட்டோ கிடைச்சது. வேலைநிறுத்தத்துக்கு முந்தின வருஷ மே தினக் கூட்டம். மூணாவது வரிசையில ரொஸ்லான். அவனுக்கு நோட்டீஸ் நீட்டறது நான்.

ஸ்டேஷன்ல அந்த மூஞ்சி தெரிஞ்சது நிஜம். கேட்டுல பாத்ததுன்னு நினைச்சேன். கூட்டத்துல பாத்தது.

யார்கிட்டயும் காட்டல. காட்டினா சூசையக் கொன்னவன் யாருமே இல்லன்னு ஆயிடும், முதலாளிமாரு சிரிப்பானுங்க. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அந்தத் தீர்ப்புத்துண்ட இன்னும் வச்சிருக்கேன், அதையும் சொல்லிடறேன்.

அப்புறம் மாசாமாசம் ரொஸ்லானப் பாக்க இங்க வந்தேன். முதல் ரெண்டு தடவ காறித் துப்பினான். அப்புறம் பழகிட்டான். பாக்சிக்னு, மலாய்ல மாமான்னுதான் கூப்பிடுவான். என்ன பாக்சிக், வெளிய காட்டிக்கொடுக்க வேற ஆள் கிடைக்கலையாம்பான். சிரிப்பேன். பந்தாட்டம் பேசுவோம். அவன் அம்மா செத்தப்புறம் பார்வையாளர் புத்தகத்துல என் பேரு மட்டுந்தான்.

போட்டோவா? சட்டைப் பையில இருக்கு. ஒவ்வொரு தடவையும் எடுத்துட்டுத்தான் வருவேன். இல்ல, அவன்கிட்டயும் காட்டல.

இன்னைக்கா? இன்னைக்குப் பாக்க வரல. நேத்து காலையில நெஞ்சு வலின்னு போயிட்டானாம். உடம்ப வெளிய விடறதுக்கு முன்னாடி, இது அவன்தான்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் பாத்துச் சொல்லணுமாம். புத்தகத்தப் பாத்து என்னைக் கூப்பிட்டாங்க.

உங்க நம்பர்தான் சொல்றாங்க, போங்க.