வராதவள் சொல்லும் நன்றியுரை

மளிகைக் கடையை மதியத்தோடு அடைத்துவிட்டு, சாரலில் நனைந்து வந்து இந்த அரையாண்டுப் பெற்றோர் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, எங்கள் அமீருன்னிசா அக்கா அவர்களே! தலைமையாசிரியர் சுவாமிநாதன் ஐயா அவர்களே! வளைவுக்கு வளைவு வாந்தி வரவைக்கும் பாதையில் மலையேறி வந்திருக்கும் ஆய்வு அலுவலர் ஐயா அவர்களே! தலைகுனிந்தே கிடந்த என்னை நிமிர்ந்து வாசிக்க வைத்த வகுப்பாசிரியை சுதாராணி டீச்சர் அவர்களே! முன்வரிசை நாற்காலிகளில் வீற்றிருக்கும் பெரியோர்களே! நாற்காலி காலியாக இருந்தும் உட்காரக் கூசி, சுவரோரம் சாக்கும் கூடையுமாக நின்றுகொண்டிருக்கும் என் லயத்து வரிசை வீடுகளின் தாய்மார்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் பணிவான வணக்கம்.

மைக்கைக் கொஞ்சம் இறக்கிக் கொடுங்கள் அண்ணா. போதும், நன்றி.

"சத்தமா பேசு தாயி" என்று பின்னாலிருந்து யாரோ சொல்கிறீர்கள். பேசுகிறேன் அம்மா. கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. யாராவது உற்றுப் பார்த்தாலே சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால் யார் முகத்தையும் பார்க்காமல், அந்தக் கடைசி ஜன்னலைப் பார்த்துப் பேசுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் கையில் இருக்கும் இந்தத் தாளில் நன்றியுரை இருக்கிறது. டீச்சர் எழுதிக் கொடுத்தது. அச்சு கோத்ததுபோல் எழுத்து. நேற்று மாலையிலிருந்து இதை மனப்பாடம் செய்தேன். "பத்தாம் வகுப்பு மாணவி சத்தியபிரியாவாகிய நான்" என்று தொடங்குகிறது. அந்த முதல் வரியிலேயே கால் இடறி விழுந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

ஏன் என்றால், அவையோரே, நான் மாணவி இல்லை.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையோடு என் படிப்பு நின்றது. பதினான்கு மாதங்கள் ஆகின்றன. நான் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிறேன். இந்தச் சீருடையைப் பாருங்கள். தோளில் இரண்டு ஊக்கு, இடுப்பில் ஒன்று. நான் வளர்ந்துவிட்டேன், சீருடை வளரவில்லை. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைப் போட்டுக்கொள்ளும்போது என் தங்கையும் இப்படித்தான் சிரித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உங்கள் கைகளில் ஒரு மஞ்சள் தாள் இருக்கிறது. 'அரையாண்டுச் செய்திகள்' என்று தலைப்பு. கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டாயிற்று என்கிறது. உண்மை. கோ-கோ ஆட்டத்தில் வட்டார அளவில் இரண்டாமிடம் என்கிறது. உண்மை, அந்தப் பிள்ளைகளுக்குக் கைதட்டுங்கள். அதற்குக் கீழே நான்காவது வரியைப் பாருங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவர்களுக்காக நானே வாசிக்கிறேன்: "இடைநின்ற மாணவர்: எவருமில்லை."

எவருமில்லையா? அப்படியானால் நான் யார்? என் காப்பிச்செடி நிரைக்கு அடுத்த நிரையில் கூடை கட்டிக்கொண்டு நிற்கிற எட்டுப் பெண்கள் யார்? வெள்ளனே எழுந்து, வெறும் வயிற்றில் வரக்காப்பி குடித்து, விரல் விறைக்க விறைக்கப் பழம் உருவுகிறோமே, எங்களை இந்தத் தாள் எந்தக் கணக்கில் வைத்திருக்கிறது?

எங்கள் தோட்டத்தில் காலை ஆறரை மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். இலங்கையிலிருந்து வந்த எங்கள் வீடுகளில் அதற்குப் பிரட்டு என்று பெயர். பிரட்டில் நிற்காதவளுக்கு அன்றைக்குப் பெயர் இல்லை. காய்ச்சல் என்றாலும் இல்லை, கால் ஒடிந்தது என்றாலும் இல்லை. ஆனால் இந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு பெரிய மனசுள்ளது பாருங்கள்! பதினான்கு மாதம் வராதவளுக்கும் இங்கே தினம் தினம் வருகை உண்டு. காலையிலும் உண்டு, மதியமும் உண்டு. நான் மழையில் நின்ற நாளெல்லாம் என் பெயர் இங்கே கூரைக்கடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது.

இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். யாரையும் காட்டிக்கொடுக்க வரவில்லை. காட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் முதலில் என்னையே காட்டிக்கொடுக்க வேண்டும்.

எங்கள் லயத்திலிருந்து இந்தப் பள்ளிக்கு ஏழு கிலோமீட்டர். அரசாங்கம் ஒரு ஜீப் விட்டிருந்தது. ஜெயமுருகன் அண்ணன்தான் ஓட்டுநர். காலையில் வளைவில் நின்று ஹாரன் அடித்தாரென்றால் அடுப்பில் வைத்த பாத்திரமே துள்ளும். "ஏலே, வெரசா ஏறுங்க. நீங்க சீவி முடிச்சுச் சிங்காரிச்சு வர்றதுக்குள்ள பள்ளிக்கூடத்துல லீவு விட்ருவாங்க!" என்று கத்துவார். "லீவு விட்டா ஒங்களுக்குத்தானண்ணே சோலி மிச்சம்" என்று நாங்களும் கத்துவோம். அந்த ஜீப்பில் பின்கதவோரம் உட்கார்ந்துதான் நான் ஒன்பதாம் வகுப்பு அறிவியலை வாசித்தேன்.

ஐப்பசியில் பாதை சரிந்தது. ஜீப் நின்றது. நடந்தோம். மூன்று வாரம் நடந்தோம். ஒருநாள் மிளகுக்கொடி மறைவிலிருந்து ஒற்றைக் காட்டுமாடு வந்து வழியில் நின்றது. ஓடினோம். நான் விழுந்தேன். முழங்காலில் ஏழு தையல். அன்று சாயங்காலம் என் அம்மா வேலம்மா என் பையை வாங்கி ஆணியில் மாட்டினார். "படிச்சது போதும். நீ உசுரோட இருந்தாப் போதும்" என்றார். அந்த ஆணியில் அந்தப் பை இன்னமும் கிடக்கிறது. மற்ற எட்டு வீட்டிலும் ஒவ்வொரு ஆணி.

தை மாதம் பாதையைச் சரி செய்தார்கள். காய்கறி லாரி வந்தது. சுற்றுலாப் பயணிகளின் கார் வந்தது. ஜீப் வரவில்லை. நின்ற ஜீப்பை மறுபடி விட, மறுபடி அனுமதி வேண்டுமாம்.

டீச்சர் எங்கள் லயத்துக்கு நடந்தே வந்தார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. வாசலில் நின்று, "வராத பிள்ளைக பேர எத்தன நாளைக்குங்க வச்சிருக்க முடியும்?" என்று கேட்டார். என் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பேர அடிச்சுராதீங்க டீச்சர். பிள்ளதான் வரல, பேராவது பள்ளிக்கூடத்துல இருக்கட்டும். பேரும் போச்சுன்னா அவ ஒரேடியாக் கூலிக்காரிதான்." டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். அவருக்கும் ஒரு கவலை இருந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் இடம் ஒன்று போய்விடும். அம்மாவுக்கு ஆசை, ஆசிரியைக்கு அச்சம். இரண்டும் சேர்ந்து என் பெயரைக் காப்பாற்றின. என்னைக் காப்பாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

ஆனி மாதம் எங்கள் தாய்மார்கள் ஜீப் கேட்டு மனுக் கொடுத்தார்கள். ஆடி பிறந்ததும் பள்ளியிலிருந்து லயத்துக்குச் சேதி வந்தது. "நாளைக்கு ஆபீசர் வர்றாங்க. ஒம்பது பேரும் யூனிபார்ம் போட்டு வந்துருங்க."

அந்தக் காலையை எப்படிச் சொல்வேன்! இரும்புப் பெட்டிகள் திறந்தன. கசங்கிய சீருடைகள் வெளியே வந்தன. கையில் ஏறிய கறையை எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தோம். விடிந்தும் விடியாமல் புறப்பட்டு, ஏழு கிலோமீட்டரையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து, மணி அடிப்பதற்கு முன்னால் வரிசையில் நின்றோம். டீச்சருக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஓடினோம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருநாளாவது அந்த பெஞ்சில் உட்காரலாமே என்ற ஆசையிலும் ஓடினேன். அன்றைக்கு இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருந்ததை விட்டுவிடாமல் எழுதினேன். நோட்டு இல்லை. உள்ளங்கையில் எழுதினேன்.

அலுவலர் ஐயா, நீங்கள்தான் வந்தீர்கள். தலைகளை எண்ணினீர்கள். என்னைப் பார்த்து, "எங்கேருந்தும்மா வர்ற?" என்றீர்கள். லயத்தின் பெயரைச் சொன்னேன். "அவ்வளவு தூரமா? ஜீப் இல்லாமலே நேரத்துக்கு வந்துட்டியே, சமத்து!" என்று என் தலையைத் தொட்டீர்கள். எனக்குப் பெருமையாக இருந்தது ஐயா. அவ்வளவு பேர் நடுவில் என்னை யாரும் அதுவரை சமத்து என்று சொன்னதில்லை.

நீங்கள் ஜீப் விஷயமாகத்தான் வந்திருக்கிறீர்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

புரட்டாசியில் பதில் வந்தது. அமீருன்னிசா அக்காதான் கடையில் வைத்து வாசித்துக் காட்டினார். மாணவியர் அனைவரும் உரிய நேரத்தில் தவறாமல் வருகை தருவதால் வாகன வசதி தேவைப்படவில்லை. அவ்வளவுதான் கடிதம். அக்கா வாசித்து முடித்ததும், "அன்னிக்கு ஒரு அரைமணி நேரம் லேட்டாவாச்சும் வந்து தொலைச்சிருக்கக் கூடாதாடி?" என்றார். அது கோபம் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

எங்கள் ஜீப்பை யார் நிறுத்தினார்கள்? மழையா? மலைச்சரிவா? மாடா? இல்லை. மணி அடிப்பதற்கு முன்னால் வந்து நின்ற ஒன்பது பெண்கள் நிறுத்தினோம். இந்தக் கால்களால் ஓடிவந்து நிறுத்தினோம். வராத நாளெல்லாம் எங்களுக்கு ஒரு கேடும் வரவில்லை. வந்த ஒரே ஒரு நாளில் எங்கள் வழியை நாங்களே அடைத்துக்கொண்டோம்.

என்னம்மா? "எறங்கி வா" என்றா சொல்கிறீர்கள்? சுவரோரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் என் அம்மா. இதோ இறங்கிவிடுவேன் அம்மா. இன்னும் ஒரே ஒரு சேதிதான்.

என் தங்கை ஸ்வேதா எட்டாம் வகுப்பு. அதோ, ஐந்தாவது வரிசையில் ரெட்டைச் சடை. எங்கள் லயத்திலிருந்து இன்னும் வந்துகொண்டிருப்பவள் அவள் ஒருத்திதான். இதுவரை எப்படி வந்தாள்? பால் வண்டி வந்தால் பால் வண்டி, உர வண்டி வந்தால் உர வண்டி, இரண்டும் இல்லாவிட்டால் பாதி வழிவரை நான் கொண்டுவந்து விடுவேன். பழம் பறிப்பு மும்முரமானதும் என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா சின்னதாக ஒரு கூடை வாங்கிவந்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. ஸ்வேதாதான் அதை எடுத்து இடுப்பில் கட்டிப் பார்த்தாள்.

"அளவாத்தான் இருக்கு. அரப்பரிச்ச லீவோட எம் படிப்பும் சரியாக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

"போடி கிறுக்கி" என்றேன்.

"நீ மட்டும் போனேல்ல?" என்றாள். "அப்புறம் ஒன்ன மாதிரி நானும் ஆபீசர் வர்ற அன்னிக்கு மட்டும் வந்துக்கிறேன். யூனிபார்மப் பத்திரமா மடிச்சு வச்சிரு."

அவையோரே, நீங்களே சொல்லுங்கள். அவளுக்கு அந்த வழியைக் காட்டியது யார்? வறுமை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. காட்டியது நான். ஆடி மாதம் ஒருநாள், மறுபடி ஆபீசர் வருகிறார் என்று இன்று ஒருநாள். இரண்டு முறை வேடம் கட்டினேன், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மஞ்சள் தாள் பொய் சொல்கிறதென்றால் அந்தப் பொய்க்குச் சட்டை போட்டு, சடை பின்னி, மேடையேற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பவள் நான்தான். அடுத்த அரையாண்டுத் தாளிலும் "எவருமில்லை" என்றே அச்சடிப்பார்கள். அப்போது பத்தாவது ஆளாக என் தங்கை தோட்டத்தில் நிற்பாள்.

ஆகையால் நன்றி சொல்ல வந்த நான் ஒன்று கேட்கிறேன். டீச்சர், வருகைப் பதிவேட்டில் என் பெயரை அடித்துவிடுங்கள். செல்போனில் போடும் வருகையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ஆசிரியர் இடம் போய்விடுமே என்று பயப்படுகிறீர்கள், தெரியும். போகக் கூடாது என்றுதான் நானும் வேண்டுகிறேன். ஆனால் பிள்ளைகள் வந்து ஆசிரியர் இடம் நிற்கட்டும். பெயர்களை வைத்து நிற்க வேண்டாம். அலுவலர் ஐயா, நான்காவது வரியைத் திருத்துங்கள். ஒருத்தி நின்றுவிட்டாள், ஜீப் இல்லாததால் நின்றுவிட்டாள் என்று உங்கள் கையால் எழுதுங்கள். அந்த ஒரு பெயர் போனால்தான் ஜீப்புக்கு ஒரு காரணம் வரும். இவர்கள் எழுதத் தயங்கினால், அமீருன்னிசா அக்கா, நீங்கள் தலைவி. உங்கள் பேனாவைக் கொடுங்கள். நானே அடிக்கிறேன்.

என்னம்மா? அழாமல் சொல்லுங்கள். மைக்கில் கேட்கவில்லை. கொஞ்சம் அமைதியாக இருங்கள், அம்மா ஏதோ சொல்கிறார்.

"ஒம் பேர மட்டும் அடிச்சா எப்படிடி? அன்னிக்கு அடிக்காதீங்கன்னு சொன்னவ நாந்தான். ஒம்பது பேரையும் அடிக்கச் சொல்லு" என்கிறார்.

மற்ற தாய்மார்களே, உங்கள் சம்மதம் இல்லாமல் முடியாது. சம்மதம் என்றால் கையை உயர்த்துங்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று, நான்கு. இறக்காதீர்கள், அலுவலர் ஐயா எண்ணட்டும். ஐயாவுக்கு எண்ணத் தெரியும்.

ஒன்பது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள் ஐயா.

இனி நன்றி. நடந்தே வந்து எங்கள் வாசலில் நின்ற டீச்சருக்கு நன்றி. கடிதத்தை ஒளிக்காமல் வாசித்த அமீருன்னிசா அக்காவுக்கு நன்றி. என்னைச் சமத்து என்று சொன்ன அலுவலர் ஐயாவுக்கும் நன்றி. அந்தச் சொல்லுக்கு இன்றுதான் நான் தகுதியாகப் பார்க்கிறேன். பேசத் தெரியாதவளைப் பேசவிட்ட இந்த அவைக்கு நன்றி.

நாளைக் காலை ஆறரைக்குப் பிரட்டில் என் பெயரைக் கூப்பிடுவார்கள். அங்கே இருப்பேன். இங்கே இனி என்னைக் கூப்பிடாதீர்கள். வளைவில் அந்த ஹாரன் கேட்கட்டும். கூடையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, கூப்பிடாமலே வருகிறேன்.

எல்லோருக்கும் வணக்கம். வீடு போகிற வழியில் மாடு நிற்கும், சேர்ந்து போங்கள்.