தடவிப் பார்க்கும் பெட்டி

பின்னேரம் ஐந்து மணிதான். ஆனால் ஒக்டோபர் கடைசி. குளிர்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளி ஒரு கிழமைகூட ஆகவில்லை. ஜேர்மனியின் வுப்பர்டாலில் அந்த நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும். கடைசி பஸ் தரிப்பில் இறங்கினால் மலைக்கு ஏறுகிற ஒற்றைப் பாதை. இரண்டு பக்கமும் குத்தகைத் தோட்டங்கள். கோடையில் அங்கே சனம் நிறைந்திருக்கும், இறைச்சி வாட்டுகிற புகை மணக்கும். குளிர் வந்தால் தண்ணீரை நிறுத்தி, குடில்களைப் பூட்டிவிட்டு எல்லாரும் போய்விடுவார்கள். பிறகு அந்தப் பாதையில் ஆளே இல்லை. ஈர இலை... எங்கோ ஒரு கூரைப் பீலியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிற தண்ணீர்... அவ்வளவுதான்.

பிறேமாவை உங்களுக்குத் தெரியும். அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை சரளாவுக்கு நடந்தது இது. பிறேமா அங்கே இருக்கவில்லை. ஆனால் சரளாவின் வாயாலேயே கேட்டவள்.

அந்த ஏற்றத்தில் சரளா ஒரு கையில் பூசணிக்காயையும் மறு கையில் மகள் ஆதிரையின் கையையும் பிடித்துக்கொண்டு ஏறினாள். கோபத்தோடுதான் ஏறினாள். அந்தக் கோபத்துக்கு ஒரு வயது ஆகப்போகிறது.

காரணம் லக்ஸன். சரளாவின் புருஷன் வினோஜனுக்குத் தம்பி. முப்பது வயது, கலியாணம் ஆகவில்லை, வாயைத் திறந்தால் பகிடி. போன டிசம்பரில், நத்தார் விடுமுறையில், அவன் ஒரு வேலை செய்தான். தன் வீட்டுக் கட்டடத்தின் நிலவறைக்குள் ‘ஜூஸ் எடுத்துக்கொண்டு வா’ என்று ஆதிரையை அனுப்பினான். ஏழு வயதுப் பிள்ளை. அவள் உள்ளே போனதும் வெளியே கொண்டியைப் போட்டான். கதவை நகத்தால் சுரண்டினான். கள்ளக் குரலில் பேர் சொல்லிக் கூப்பிட்டான். உள்ளே பிள்ளை ‘அம்மா, அம்மா’ என்று கத்தியதைப் போனில் பிடித்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டான். லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் கண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வந்து குவிந்தன. யார் யார் சிரித்தார்கள் என்று சரளாவுக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

அதன் பிறகு ஆதிரை கழிவறைக்குத் தனியே போவதில்லை. படுக்கையை நனைக்கத் தொடங்கினாள். வாய்விட்டுச் சிரிப்பதும் நின்றுபோனது.

“பகிடிதானே சரளா, விடும்” என்றான் வினோஜன். “பகிடிக்குச் செய்ததைப் பெரிசாக்காதை, பிள்ளை” என்றார் மாமியார். சரளா விடவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை. அப்படி அடைத்து வைக்கிற கோபம் ஆறாது. அடுப்பில் மூடி வைத்த பால் மாதிரி, பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே பொங்கும்.

வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் பேய் வேடம் போட்டுக் கொண்டாடுகிற ஹலோவீன் பற்றிப் பேசினார்கள். ஆதிரை மட்டும் தனக்கு அது வேண்டாம் என்றாள். அப்போதுதான் சரளாவுக்கு அந்த யோசனை வந்தது. தோட்டச் சங்கத்தின் சின்ன மண்டபத்தை வாடகைக்கு எடுத்தாள். “இந்தமுறை நாங்கள் கூப்பிடுறம். நீதான் மற்றவையைப் பயப்படுத்துறாய். உன்னை ஒருத்தரும் பயப்படுத்த ஏலாது” என்று மகளிடம் சொன்னாள்.

விளையாட்டுகளை இரண்டு பேரும் சேர்ந்தே தீர்மானித்தார்கள். நூலில் தொங்குகிற டோனட்டைக் கையால் தொடாமல் கடித்துத் தின்ன வேண்டும். தொட்டித் தண்ணீரில் மிதக்கிற அப்பிளை வாயால் கவ்வ வேண்டும். கழிவறைக் கடதாசியை ஆள் மேல் சுற்றி மம்மி ஆக்க வேண்டும், முதலில் முடிக்கிற சோடிக்குப் பரிசு.

கடைசியாக, தடவிப் பார்க்கும் பெட்டி. சுப்பர்மார்க்கெட்டிலிருந்து எடுத்து வந்த வாழைப்பழப் பெட்டிக்குக் கறுப்பு மை பூசி, முன்னால் வட்டமாய் ஓட்டை வெட்டி, உள்ளே எட்டிப் பார்க்க முடியாதபடி பழைய காலுறையின் நுனியை வெட்டிச் சட்டைக் கைபோல ஒட்டினார்கள். உள்ளே தோல் உரித்த திராட்சை, அதுதான் கண். அவித்து ஆறவைத்த ஸ்பகெட்டி, அதுதான் குடல். எல்லாவற்றையும் ஆதிரைதான் தன் கையால் வைத்தாள். வைக்கும்போது அவளுடைய உதட்டோரம் லேசாகத் துடித்தது. சிரிப்பு வரப் பார்க்கிறது என்று சரளா நினைத்துக்கொண்டாள்.

ஆறு மணிபோல மண்டபம் நிறைந்துவிட்டது. சூனியக்காரிகள், எலும்புக்கூடுகள், பூசணிக்காய் வேடத்தில் ஒரு பிள்ளை. குடைந்து உள்ளே மெழுகுதிரி வைத்த பூசணியின் உட்புறம் கருகுகிற மணம். அப்போது கதவு திறந்தது. வேலை முடிந்து வந்த வினோஜன். அவனுக்குப் பின்னால் ஓநாய் முகமூடி போட்ட இன்னொருவன். நடையிலேயே சரளாவுக்குத் தெரிந்துவிட்டது.

“இவனை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

“ஆசைப்பட்டுக் கேட்டவன், சரளா. குசினிக்குள்ளை நிண்டு சொசேஜ் அவிக்கட்டும். பிள்ளையளுக்குக் கிட்ட வரமாட்டான்.”

“சத்தியமா வரமாட்டன், அண்ணி” என்றான் லக்ஸன் முகமூடிக்குள்ளிருந்து.

விருந்தாளிப் பிள்ளைகளுக்கு முன்னால் சரளா என்ன செய்வாள்? பல்லைக் கடித்துக்கொண்டு குசினிக் கதவைக் காட்டினாள். குசினிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், சாப்பாடு நீட்டுகிற ஒரு சாளரம் உண்டு. அதற்கொரு துணித் திரை. பெட்டி வைத்த மேசை அந்தச் சாளரத்தோடு ஒட்டித்தான் கிடந்தது. அது அவளுடைய மண்டையில் ஏறவில்லை.

டோனட் முடிந்தது. அப்பிள் முடிந்தது. மம்மிகள் கடதாசியைக் கிழித்துக்கொண்டு ஓடித்திரிந்தார்கள். பிறகு விளக்குகளைக் குறைத்துவிட்டு ஆதிரை பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கூர்த் தொப்பி, கறுப்புப் பாவாடை. “கையை விடுங்கள். இது செத்துப்போன அரசனின் குடல்” என்று டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், மெல்லிய குரலில் சொன்னாள். ஒவ்வொரு பிள்ளையாகக் கையை விட்டுவிட்டு வீரிட்டுக் கத்திச் சிரித்தது. ஆதிரையின் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்தது. சரளா சுவரோடு சாய்ந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லூக்காஸ் என்கிற வகுப்புத் தோழனின் முறை வந்தது. அவன் கையை விட்டான்... கத்தவில்லை. மெதுவாக வெளியே எடுத்தான்.

“உள்ளே ஒரு கை இருக்கிறது” என்றான்.

மற்றவர்கள் சிரித்தார்கள். “இல்லை. எல்லாம் நான்தான் வைத்தேன்” என்றாள் ஆதிரை. அதைக் காட்டுவதற்காகத் தன் கையை முழங்கை வரை உள்ளே விட்டாள்.

அப்படியே நின்றுவிட்டாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவளுடைய வெள்ளைக் காலுறையில் மேலிருந்து கீழே ஈரம் ஒரு கோடாய் இறங்கியது. நண்பர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சரளா தன் ஜக்கெற்றைக் கழற்றி மகளைச் சுற்றினாள். பிறகு குசினிக் கதவை உதைத்துத் திறந்தாள். லக்ஸன் சாளரத்தடியில் குந்தியிருந்தான். ஐஸ் தண்ணீரில் நனைத்த இறப்பர் கையுறை, பெட்டியின் பின்பக்கத்தைக் கத்தியால் வெட்டிய ஓட்டைக்குள் கை, மறு கையில் போன். அது படம் பிடித்துக்கொண்டிருந்தது.

“சும்மா பகிடி, அண்ணி...”

அவள் அவனுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்து மண்டபத்துக்குள் இழுத்து வந்தாள். மின்குமிழ்கள் எல்லாவற்றையும் போட்டாள். மேசையை அறை நடுவுக்கு இழுத்தாள். விரிப்பை உருவி எறிந்தாள். மேசைக்கு அடியில் நான்கு கால், வெறும் தரை. பின்பக்கத்து ஓட்டையைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் காட்டி, பேயும் இல்லை ஒன்றும் இல்லை, இந்த ஆள்தான் என்று டொச்சில் சொன்னாள்.

“இப்ப நீ வை.”

“அண்ணி, காணும்...”

“கையை உள்ளை வை.”

லக்ஸன் பிள்ளைகளைப் பார்த்து இளித்தான். கையுறையைக் கழற்றினான். வெறுங்கையைக் காலுறைக்குள் விட்டான். “ஐயோ, பிடிச்சிட்டுது” என்று உடம்பை முறுக்கி நடித்தான். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

பிறகு அவனுடைய முகத்தில் இருந்த இளிப்பு பாதியில் நின்றது.

“அண்ணி... ஆரோ கையை...”

“நடிக்காதை.”

“இல்லை அண்ணி. உண்மையா.”

“உண்மையோ? என்ர பிள்ளையும் உண்மையாத்தான் கத்தினவள். நீ படம் எடுத்தனி.” சரளா அவனுடைய முழங்கையைப் பிடித்து இன்னும் உள்ளே தள்ளினாள். “அப்பிடியே வைச்சிரு.”

அவன் இழுத்தான். காலைத் தரையில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்தான். கடதாசிப் பெட்டி அது, ஊதினால் நகரும். மேசையோடு ஆணி அடித்ததுபோல நின்றது. உள்ளே... கிர்... கிர்... என்று கடதாசியில் நகம் படுகிற சத்தம். மாதக்கணக்காய்த் திறக்காத அலுமாரியைத் திறந்தால் வருமே, அந்த மணம் அறை முழுக்கப் பரவியது.

“விடும் சரளா” என்று வினோஜன் ஓடி வந்தான்.

“நான் எப்பவோ விட்டிட்டன்” என்றாள் சரளா. உண்மை. அவளுடைய இரண்டு கையும் இடுப்பில் இருந்தன.

வினோஜன் போன் வெளிச்சத்தைப் பின் ஓட்டைக்குள் அடித்துப் பார்த்தான். போனைக் கீழே போட்டுவிட்டான். அவன் கண்டதைச் சொல்லக் கனநாள் சென்றது. தம்பியின் விரல்கள் ஐந்தும் ஒன்றோடொன்று நசிந்து வெளிறிக்கிடந்தன. மணிக்கட்டுத் தோலில் பள்ளம் பள்ளமாய் விழுந்துகொண்டிருந்தது. சுற்றிவர ஒன்றுமே இல்லை. திராட்சை, ஸ்பகெட்டி... வேறொன்றும் இல்லை.

கரட் கிழங்கை முறித்ததுபோல ஒரு சத்தம்.

லக்ஸன் பின்புறமாக விழுந்தான். சத்தம் போடாமல் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுருண்டான். பிறகு ஒரு பிள்ளை கை தட்டியது. அதைப் பார்த்து மற்றப் பிள்ளைகளும் தட்டினார்கள். விளையாட்டு என்றே நினைத்துவிட்டார்கள். ஜக்கெற்றுக்குள் சுருண்டிருந்த ஆதிரை வாய்விட்டுச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, கீழே கிடந்தவன் மேல் தனக்கு ஒரு துளி இரக்கமும் வரவில்லை என்று சரளா பிறேமாவிடம் சொன்னாள். இன்றைக்கும் வரவில்லையாம்.

பிள்ளைகளைத் தாய் தகப்பன் வந்து கூட்டிப்போனார்கள். சரளா குசினி, கழிவறை, திரைக்குப் பின்பக்கம் எல்லாம் பார்த்தாள். ஒருவரும் மிச்சமில்லை. மண்டபத்தைப் பூட்டினாள். காரில் லக்ஸன் முன்னால் இருந்து முனகினான். சரளா பின்னால், மகள் மடியில்.

“நீர் அவன்ர கையை முறிச்சுப்போட்டீர்” என்றான் வினோஜன்.

“நான் பிடிச்சது முழங்கை. முறிஞ்சது மணிக்கட்டு.”

“பிள்ளையளுக்கு முன்னாலை, சரளா. சின்னப் பிள்ளையளுக்கு முன்னாலை.”

“பகிடிதானே” என்றாள் சரளா.

வினோஜன் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினான்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர். படிக்கட்டில் விழுந்தவர் என்று வினோஜன் சொன்னான். அவள் எக்ஸ்ரேயைப் பார்த்தாள். பிறகு அதை வைத்துவிட்டு, லக்ஸனின் கையை விளக்குக்குக் கீழே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். வீங்கிய மணிக்கட்டில் மேலே நாலு நீலத் தடம், கீழே ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான். அவள் குரல் மாறிவிட்டது.

“பிள்ளைக்கு எத்தனை வயது?”

“எந்தப் பிள்ளை?” என்றான் வினோஜன்.

“இது விழுந்த காயம் இல்லை. பெற்றோர்களின் கையில் நான் இதைத் தினமும் பார்க்கிறேன், இந்த அளவுக்கு இல்லாவிட்டாலும். தன்னை விட்டுவிட்டுப் போகப்போகிறார்கள் என்று பயந்த பிள்ளை இப்படித்தான் பிடிக்கும்.” அவள் லக்ஸனைப் பார்த்தாள், வினோஜனைப் பார்த்தாள், சரளாவைப் பார்த்தாள். கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டாள். “அந்தப் பிள்ளை இப்போது எங்கே? யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள்?”

சரளாவின் மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்த ஆதிரைதான் கண்ணைத் திறக்காமல் சொன்னாள். தமிழில் சொன்னாள்.

“அவள் அந்தப் பெட்டியை விட்டு வரமாட்டாளாம் அம்மா. எல்லாரும் ஒளிச்சு விளையாடினவையாம்... அவளை இன்னும் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லையாம். அவள்தான் இன்னும் வெல்லுறாளாம்.”

பிள்ளை என்ன சொல்கிறாள் என்று டாக்டர் கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள்.

அந்த மூன்று பெரிய ஆட்களில் ஒருவரும் மொழிபெயர்க்கவில்லை.