மூன்று பலகைத் துண்டுகள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா பக்கத்திலிருந்த ஒரு தச்சுவேலைக்காரரிடம் சொன்னார்:

“பலகையளுக்கு இண்டைக்கும் கடல் தண்ணி ஊத்திப்போட்டுத்தான் வந்தனான்.”

பலகைக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? என் காது அந்தப் பக்கம் போய்விட்டது.

அவருடைய வீட்டில் கடல் பார்த்த பக்கமாகப் பலகைத் தளம் போட வேண்டுமாம். கனடாவிலிருக்கும் மகனின் விருப்பம். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகையில் மூன்று நிறத்தில் மாதிரித் துண்டு கொடுத்தவர் இந்தத் தச்சுவேலைக்காரர்.

“தந்து ஒரு வருசமாச்சு, அக்கா. உப்புக்காத்துக்கு எது நிண்டுபிடிக்குது?”

“கறுப்பிலை மத்தியானம் கால் வைக்க ஏலாது, தம்பி. மண்ணிறம் வெளிறிப்போச்சு. சாம்பல் நிறம் நீங்கள் தந்த மாதிரியே கிடக்கு.”

“பிறகென்ன, அதையே போடுவம். மகனுக்குச் சொல்லீட்டியளே?”

“இல்லை. இன்னும் ஒரு மாரி பாப்பம் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

“ஏனக்கா?”

அந்த அம்மா கடலைப் பார்த்தார்.

“ஞாயிற்றுக்கிழமையளிலை வீடியோவிலை வந்து, பலகையைக் காட்டணை எண்டுவான். ஒவ்வொண்டாத் திருப்பித் திருப்பிக் காட்டுவன். அரை மணித்தியாலம் போகும். முந்தியெண்டால், சாப்பிட்டியோ எண்டு கேட்டுப்போட்டு போனை வைச்சிடுவான்.”

படகு வந்து அணைந்தது. தச்சுவேலைக்காரர் தன் பையை எடுத்துத் தோளில் போட்டார்.

“கடையிலை இப்ப பச்சையும் வந்திருக்கு,” என்றார். “அடுத்த கிழமை ஒரு துண்டு கொண்டுவாறன். அதையும் வெயிலிலை போட்டுப் பாருங்கோ.”