தளபதியின் கண்கள்

பிரஷ்ஷை நக்காதே என்று ஜெரோமிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் மேடம், இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். சேவியர் சாட்சி.

எங்கள் விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்காது. கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் வீரர்கள் கை வேறு கால் வேறாக டப்பாவில் வருவார்கள். வெட்டியெடுத்து, பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். பிறகு மேஜையில் படையாக நிறுத்தி, பகடை உருட்டிப் போர் செய்வோம். திண்டுக்கல்லில் இந்தப் பைத்தியம் எனக்குத் தெரிந்து மூன்று பேருக்கு: எனக்கு, கணக்கு வாத்தியார் ஜெரோமுக்கு, செல்போன் கடை சேவியருக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெரோம் வீட்டு மாடியில் கூடுவோம். ஃபாதர் பிரசங்கத்தை நீட்டினால் போர் தள்ளிப்போகும். ஒருமுறை பசையில் இரண்டு விரல் ஒட்டிக்கொண்ட கையோடு நான் நற்கருணை வாங்கப் போயிருக்கிறேன். மூன்று பேருக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

என் தளபதிக்கு எட்டு மாதம் உழைத்தேன். சாணார்பட்டியில் என் உரக்கடையில் ஆள் வராத நேரமெல்லாம் அவனோடுதான். கவசத்தின் ஆணிக்குக்கூடத் தனித்தனியாக வெள்ளி வைத்தேன். கண்தான் வரவில்லை. கடுகில் பாதி இருக்கும் அது.

அவனை மேஜையில் வைத்ததும் ஜெரோம் குனிந்து பார்த்தான்.

"ஏலே செபஸ்தி, என்னப்பு ஒன் தளபதி எதிரியவும் பொண்டாட்டியவும் ஒரே நேரத்துல பாக்குறான்?"

சேவியர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறியது. நானும் சிரித்தேன். சிரிக்கத் தெரிந்தவன்தான் நான்.

ஜெரோம் அதோடு விட்டிருக்கலாம். "குடு, செத்த நேரம்" என்று வாங்கினான். பிரஷ் முனையை நாக்கில் வைத்துக் கூராக்கினான். இரண்டு புள்ளி, அவ்வளவுதான். தளபதி நேராகப் பார்த்தான். எட்டு மாதமாக எனக்கு வராதது அவனுக்கு ஒரு நக்கில் வந்துவிட்டது. அவன் கேலிக்காகச் செய்யவில்லை, அன்பாகத்தான் செய்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வம்புக்குச் செய்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

"மிச்சப் படையையும் கொண்டு வாடா. எல்லாத்துக்கும் நானே கண்ணு வச்சுத் தாரேன்."

கொண்டுபோனேன். பன்னிரண்டு வீரர்கள், கூடவே ஒரு டப்பா வெள்ளை பெயின்ட். கடையில் நான் பூட்டி வைத்திருக்கும் பூச்சிமருந்தை அதில் கலந்திருந்தேன். நானாக எதையும் அவன் வாயில் ஊற்றவில்லை. நக்குவது அவன் பழக்கம்.

பன்னிரண்டு பேருக்கு இருபத்துநான்கு கண். கண்ணுக்கு ஒரு நக்கு. எட்டுப் பேருக்கு முடித்துவிட்டான். ஒன்பதாவது ஆள் ஒற்றைக் கண்ணோடு அதோ உங்கள் மேஜையில், அந்தப் பையில் இருக்கிறான்.

ஜெரோமின் மனைவி ரோசலின் எனக்குத்தான் முதலில் போன் செய்தது. "அண்ணே, அவருக்கு வாய் கோணுதுண்ணே, ஓடியாங்க" என்று அழுதது. நான்தான் காரை ஓட்டினேன். வேகமாகத்தான் ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டான். அடக்கத்துக்குப் பூ மார்க்கெட்டில் நல்ல சம்பங்கி மாலையாகப் பார்த்து வாங்கினேன். பொறாமைக்காரன் அப்படிச் செய்வானா?

எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டேன், மேடம். கொலை செய்தது நான்தான், அதில் மறுப்பில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு திருத்தம். தளபதியின் கண்ணை ஜெரோம் வரைந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை அடித்துவிடுங்கள்.

அது நான் வரைந்தது.