மீசைக்காரியின் முட்டைகள்

மீன்கடைக்காரர்: அப்ப மீன்தொட்டியை யாருமே தொடலைன்னு சொல்றீங்க.

அக்கா: யாரு தொட? இந்த வீட்டுல நடமாடுறது நான் ஒருத்திதான் தம்பி. ஒரு சிட்டிகை தீனி போடுவேன், லைட்டை அணைப்பேன். என் சேவை அவ்வளவுதான்.

மீன்கடைக்காரர்: கொஞ்சம் நகருங்கக்கா... டார்ச்சை இப்படிக் காட்டுங்க. இதோ, கண்ணாடியில பாருங்க.

அக்கா: குண்டூசித் தலையா வரிசையா ஒட்டியிருக்கு. வாராவாரம் சனிக்கிழமை இதுதான். அதான் உங்களைக் கையோட கூட்டிட்டு வந்தேன்.

மீன்கடைக்காரர்: முட்டைக்கா. கெளுத்தி முட்டை. ஒட்டி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அக்கா: அந்தக் குண்டு மீனா? மீசைக்காரி?

மீன்கடைக்காரர்: அண்ணன் வெச்ச பேரு... ஆமா, அவதான். வயித்துக்கடியில ரெண்டு துடுப்பையும் பை மாதிரி கூட்டி, அதுல முட்டையை வெச்சுக்கிட்டு மேல வருவா. கண்ணாடியை வாயால துடைப்பா. அப்புறம் ஒட்டுவா. மூணு ஆம்பளைங்க பின்னாலயே சுத்துவாங்க.

அக்கா: மூணு பேரா! இங்க ஒருத்தர் பத்தொன்பது வருஷமா திரும்பிக்கூடப் பாக்கல.

மீன்கடைக்காரர்: மெதுவாக்கா... அண்ணனுக்குக் காது கேக்கும்.

அக்கா: கேக்கட்டுமே. கையும் காலும் வாயும்தான் போச்சு, காது இருக்குன்னு டாக்டரே சொன்னார். ஏங்க, கேக்குதா?

கட்டிலில் கிடப்பவர்: ...

அக்கா: பாத்தீங்களா? அஞ்சு மாசமா இதே பதில்தான்.

மீன்கடைக்காரர்: அக்கா, விளையாட்டில்ல. இதுங்க சும்மா முட்டை போடாது. மழை வரணும். ஆத்துல புதுத் தண்ணி சில்லுன்னு இறங்கினாத்தான் இதுங்களுக்கு ஆசையே வரும். தொட்டியில நாமதான் ஏமாத்தணும். ரெண்டு சொம்பு மொண்டு வெளிய ஊத்திட்டு, ஐஸ் போட்ட தண்ணியை மெதுவா விடணும். அண்ணன் அப்படித்தான் செய்வார்.

அக்கா: மழை பெஞ்சு ரெண்டு மாசம் ஆச்சே.

மீன்கடைக்காரர்: ஜன்னலும் சாத்தியிருக்கு. ஹீட்டரும் ஓடுது. ஆனா... கையை விட்டுப் பாருங்க.

அக்கா: அய்யோ... சில்லுன்னு இருக்கே!

மீன்கடைக்காரர்: அதான். இருங்க, தொட்டி மூலையில அந்த வலைப்பெட்டி... உள்ள என்னவோ ஆடுது.

அக்கா: காலிப் பெட்டி தம்பி அது.

மீன்கடைக்காரர்: குஞ்சுக்கா. முப்பது நாப்பது இருக்கும். சிலது ஒரு வாரத்துது, சிலது மூணு வாரத்துது... இது ஆறு வாரமாவது இருக்கும்.

அக்கா: தானா போய் விழுந்திருக்கும்.

மீன்கடைக்காரர்: முட்டை நடந்தா போகும்? விட்டா கூட இருக்குற ஏஞ்சல் மீன் தின்னுடும். அது விட்டாலும் பெத்தவளே திரும்பி வந்து தின்னுவா. அதுக்குள்ள ஒரு கை உள்ள போகணும். விரலால ஒண்ணொண்ணா உருட்டி எடுத்து, இந்தப் பெட்டியில சேக்கணும். அக்கா... வேலைக்குப் போறப்ப வீட்டைப் பூட்டிட்டுத்தானே போறீங்க?

அக்கா: சலவைக்கடைக்கு எட்டு மணிக்குப் போனா, திரும்ப ஒரு மணி ஆகும். இப்ப உங்க கண்ணு முன்னாலதானே பூட்டைத் திறந்தேன்? சாவி ஒண்ணுதான். என் பையை விட்டு நகராது.

மீன்கடைக்காரர்: அண்ணன் என்னையே பாக்குற மாதிரி...

அக்கா: உங்களை இல்ல, தொட்டியை. அந்தப் பக்கம் திருப்பிப் போடலைன்னா ராத்திரி பூரா முனகுவார்.

மீன்கடைக்காரர்: தரையில இது என்ன... சொட்டுச் சொட்டா? தொட்டியில இருந்து... கட்டில் வரைக்கும்...

அக்கா: காலையில துடைச்ச ஈரம்.

மீன்கடைக்காரர்: அஞ்சு மணி நேரமாவா காயல...? ஆ!

அக்கா: என்ன ஆச்சு?

மீன்கடைக்காரர்: கால்ல ஏதோ... ச்சே, பெட்டி. கட்டிலுக்கடியில.

அக்கா: என் துணிப் பெட்டிதான். இவர் விழுந்த அன்னிக்குக் கட்டினது. வாசல்ல செருப்பு மாட்டிட்டு நிக்குறேன், உள்ள தொம்முனு சத்தம்.

மீன்கடைக்காரர்: எங்கயாவது ரெண்டு நாள் போய் இருந்துட்டு வரலாம்னா?

அக்கா: இல்ல தம்பி. வராமலே இருந்துடலாம்னு.

மீன்கடைக்காரர்: பத்தொன்பது வருஷத்தையும் விட்டுட்டா?

அக்கா: மீன்கிட்ட பேசுற பேச்சுல கால்வாசி என்கிட்ட பேசியிருந்தா... சரி, அது எதுக்கு இப்ப.

மீன்கடைக்காரர்: நான் கிளம்புறேன்கா. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு.

அக்கா: முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? சாயங்காலம் பெரிய டப்பாவா எடுத்துட்டு வாங்க. மீசைக்காரி, குஞ்சு குளுவான் எல்லாத்தையும் உங்க கடைக்கே கொண்டு போயிடுங்க.

மீன்கடைக்காரர்: எல்லாத்தையுமா? அண்ணனை வெச்சுக்கிட்டே சொல்றீங்களே...

அக்கா: அவர் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், விட்டுடலாம்.

மீன்கடைக்காரர்: அவர் எப்படிக்கா சொல்வார்... வரேன்.

அக்கா: ...போயிட்டார். கதவையும் சாத்திட்டேன்.

கட்டிலில் கிடப்பவர்: ...

அக்கா: கையைக் குடுங்க. ம்... நகக்கண்ணுல பச்சையா பாசி. காலையில வெந்நீர் வெச்சு நான் துடைச்சப்ப இது இல்லையே.

கட்டிலில் கிடப்பவர்: ...

அக்கா: தினமும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உங்களைப் புரட்டிப் போடுறேன். கல்லு மாதிரி கனக்குறீங்க. கண்ணு மட்டும் அங்கயே இருக்கு. சாயங்காலம் தொட்டி போயிடும். அப்புறம் எதைப் பாத்துட்டுக் கிடப்பீங்க?

கட்டிலில் கிடப்பவர்: ...ணாம்.

அக்கா: என்ன? சரியாச் சொல்லுங்க.

கட்டிலில் கிடப்பவர்: வேணாம்... குடுக்காத.

அக்கா: அப்ப ஏன் மறைச்சீங்க?

கட்டிலில் கிடப்பவர்: நான் எழுந்துட்டேன்னு தெரிஞ்சா... நீ போயிடுவே. பெட்டி இன்னும்... கட்டின மாதிரியே கிடக்கு.

அக்கா: எத்தனை நாளா இந்த நடமாட்டம்?

கட்டிலில் கிடப்பவர்: ஏழு வாரம்... சனிக்கிழமை மட்டும். சுவரைப் பிடிச்சுக்கிட்டுத்தான்... உனக்குத் தெரியாதுன்னு...

அக்கா: முதல் சனிக்கிழமை ஃப்ரிட்ஜைத் திறந்தீங்க. ஐஸ் தட்டு காலியா இருந்துச்சு. அதை அடுப்பு மேடையிலயே மறந்து வெச்சுட்டு வந்து, கல்லு மாதிரி படுத்துக்கிட்டீங்க... அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதுல தண்ணி ஊத்தி வெச்சது யாருன்னு நெனச்சீங்க?