மடித்தவன் எண்ணவில்லை

மேடையின் நடுநாயகமாக அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரம் பார்க்கும் தலைவர் லுத்விக் அவர்களே, ஏணியின் மூன்றாம் படியில் மூர்ச்சையாகி விழும் உடம்பை வைத்துக்கொண்டு, பறப்போர் சங்கத்தைப் பதினோரு ஆண்டுகளாகக் கட்டிக்காக்கும் தரைவாழ் தங்கமே, தீயை அணைப்பதில் தீரர்களும் பீரை முடிப்பதில் வீரர்களுமாகிய ட்ரெனோவா தீயணைப்புப் படையினரே, அண்ணாந்து பார்த்தே கழுத்துச் சுளுக்கிக்கொண்ட ஊர்ப் பெரியோரே, பிள்ளைகள் மலையிலிருந்து குதிக்கும் நேரமெல்லாம் அடுப்பில் பொலெந்தாக் களியைக் கருகவிட்டு வாசலில் வந்து நிற்கும் தாய்மார்களே, முப்பத்தெட்டு ஆண்டுகளாக என் சொற்பொழிவை வீட்டிலேயே கேட்டும் இன்னும் காது கேட்கும் அதிசயப் பெண்மணியாகிய என் மனைவி யுஸ்தினாவே, உங்கள் அத்தனை பேருக்கும் இந்த வென்செஸ்லாவின் வணக்கம். சாதாரண வணக்கம் அல்ல. பனி உருகிய மே மாதத்துச் சோச்சா நதிபோல், கரை கொள்ளாத வணக்கம்.

எனக்குப் பின்னால் சுவரில் துணி மூடிய மரப்பலகை ஒன்று தொங்குகிறது. அதில் என்ன செதுக்கியிருக்கிறது என்பது ரகசியமாம். இந்த ஊரில் ரகசியமா? செதுக்கிய தச்சன் என் மைத்துனன். 'உயிர் காத்த கைகள்' என்று எழுதி, கீழே என் பெயரும், பெயருக்குக் கீழே என் முகமும் இருக்கிறதாம். மூக்குக்குப் பலகை போதாமல் இன்னொரு துண்டு ஒட்டினானாம். தலைவர் அவர்களே, அந்தத் துணியை இப்போது எடுக்காதீர்கள். நான் பேசி முடிக்கும்வரை அப்படியே மூடியிருக்கட்டும். காரணமாகத்தான் சொல்கிறேன்.

முதலில் தரைவாழ் தலைவருக்காக ஒரு விளக்கம். பறப்பவனைத் தாங்குவது துணிச் சிறகு. அந்தச் சிறகு நடுவானில் சுருண்டு கைவிட்டால் என்ன கதி? அதற்குத்தான் சிறகில் தொங்கும் இருக்கைக்கு அடியில் ஒரு பை. பைக்குள் மடித்து வைத்த அவசரப் பாராசூட். இழுத்து எறிய வேண்டும். எறிந்தது விரிய வேண்டும். விரியவில்லை என்றால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. புகார் கொடுக்க ஆளும் இருக்காது.

ஆண்டுதோறும் ஏப்ரலில், இதே கூடத்தில், இதே நீள மேசைகளைச் சேர்த்துப் போட்டு, இருபது பாராசூட்டுகளையும் பிரித்து, காற்றாட விட்டு, மறுபடி மடிப்பவன் யார்? இருபத்தாறு ஆண்டுகளாக மடிப்பவன் யார்? மடித்துக்கொண்டே கதை சொல்லி, உங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பவன் யார்? நானேதான். மடிப்பு நழுவாமல் பிடித்துக்கொள்ளப் பன்னிரண்டு மரக் கிளிப்புகள். யுஸ்தினாவின் துணிக்கொடியிலிருந்து நான் களவாடிச் சிவப்பு வண்ணம் பூசியவை. இந்த வேலைக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். ஒரு பாராசூட்டை மடித்து முடித்ததும் கிளிப்புகளை எடுத்து, மேசையில் வரிசையாக வைத்து, எண்ணி, 'பன்னிரண்டு' என்று கூடம் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே பையை மூட வேண்டும். ஏன் தெரியுமா? மேசையில் பதினொன்றுதான் இருக்கிறது என்றால், பன்னிரண்டாவது எங்கே இருக்கும்?

ஆம் அம்மா, நீங்கள் இப்போது நினைத்த அதே இடத்தில்தான்.

சென்ற ஏப்ரலில் கடைசியாக மேசைக்கு வந்தது ஸால்காவின் பாராசூட். ஸால்கா என் தம்பி மகள். நம் ஊர்த் தபால்காரி. பதினேழு நாய்கள் கடித்தும் ஒரு கடிதத்தைத் தவறவிடாதவள். கடித்த நாய்கள்தான் மருத்துவமனைக்குப் போயின. அந்த நேரம் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று நினைவிருக்கிறதா? இடிமேகம் என்னை விழுங்கி, மூன்று நாள் செரிமானம் ஆகாமல், ஆஸ்திரியாவில் ஒரு பாதிரியாரின் தோட்டத்தில் துப்பிய கதை. கை மடித்தது, வாய் மலையேறியது. பாதிரியார் கதவைத் திறக்கும் கட்டத்தில் பையை மூடி, 'பன்னிரண்டு' என்று முழங்கினேன். கூடம் அதிரக் கைதட்டினீர்கள். கிளிப்புகளை வாரி டப்பாவில் போட்டு மூடினேன். மறுநாள் காலை நண்பன் எகானின் வேனில் ஏறி ஐரோப்பாவைப் பறந்து தீர்க்கப் புறப்பட்டேன்.

என்ன கோடை அது! டோலமைட் மலைகளுக்கு மேல் நான் ஏறிய உயரத்தில், பக்கத்தில் போன விமானத்திலிருந்து ஒரு பணிப்பெண் காப்பி வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். மூன்றாம் வரிசையில் எகான் இல்லை என்று தலையை ஆட்டுகிறான். எகான், நீ கீழே வேனில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாய். அந்தக் குறட்டையில் கிளம்பிய வெப்பக்காற்றில்தான் நான் அவ்வளவு உயரம் போனேன். இத்தாலியில் பறந்தேன், பிரான்சில் பறந்தேன், பிரெனீஸ் மலையில் கழுகுகளுக்கு வழி சொல்லிக்கொண்டே பறந்தேன்.

அன்னசி ஏரிக்கரையில் இருக்கும்போது, ஜூலை மாதம், தலைவர் தொலைபேசியில் அழைத்தார். கோபாலா மலைமுகட்டுக்கு மேலே ஸால்காவின் சிறகு சுருண்டுவிட்டது, அவசரப் பாராசூட்டை எறிந்தாள், ஊசியிலை மரத்தில் போய் மாட்டினாள், மீட்புப் படை இறக்கிவிட்டது, ஒரு கீறல் இல்லை என்றார். அப்புறம், "உன் மடிப்புதான்யா அவள காப்பாத்துச்சு" என்றார்.

பெரியோரே, தாய்மார்களே, அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் இரண்டு மாதம் சாப்பிட்டேன். ஒரு நாட்டிலும் சூப்புக்கோ இறைச்சிக்கோ பையில் கை விட்டதில்லை. அன்னசியில் ஸால்கா ஆயிரம் மீட்டரிலிருந்து விழுந்தாள். பிரெனீஸுக்குப் போனபோது மூவாயிரம். ஸ்பெயினில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரரிடம் சொன்னபோது அவள் விழுந்த உயரத்தில் மூச்சுவிடக் காற்றே இல்லை. மரம் வளர்ந்தது, புயல் வளர்ந்தது, ஓநாய்கள்கூட வந்து சேர்ந்தன. எல்லாக் கதையிலும் ஒன்று மட்டும் மாறவே இல்லை. நான் மடித்த பாராசூட், இளவெயிலில் மலைப்பூ மலர்வதுபோல், அரைக் கணத்தில் விரிந்தது. அதைச் சொல்லும்போது என் கண்ணிலேயே நீர் வரும்.

செப்டம்பரில் வீடு திரும்பினேன். தீயணைப்பு வண்டி மணியடித்தது. ஊர் வாத்தியக் குழு வாசித்தது. எட்டு நாள் விருந்து. ஒன்பதாம் நாள் காலை ஸால்கா தபாலோடு வந்தாள். உட்கார வைத்து, அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லேன் அம்மா, உன் பெரியம்மா சரியாகக் கேட்கவில்லை என்றேன். யுஸ்தினா என் வாயாலேயே ஏழு தடவை கேட்டிருந்தாள்.

ஸால்கா கதை சொல்லவில்லை. "கிளிப்பு டப்பா எங்க பெரியப்பா?" என்று கேட்டாள்.

"அலமாரியில. எதுக்கு?"

"ஏப்ரலுக்கு அப்புறம் திறந்தீங்களா?"

"இல்ல."

"திறந்து எண்ணுங்க."

எண்ணினேன். பதினொன்று. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி எண்ணினேன். பதினொன்று. யுஸ்தினாவை எண்ணச் சொன்னேன். அவள் எண்ணினால் நூறு ஆகுமா? பதினொன்று. நண்பர்களே, இடிமேகத்துக்குள் குளிரவில்லை எனக்கு. அந்தப் பதினொன்றில் குளிர்ந்தது. ஸால்கா தபால் பையின் பக்கப் பையிலிருந்து, தபால்தலைகளுக்கு நடுவிலிருந்து, ஒரு பாதிக் கிளிப்பை எடுத்து மேசையில் வைத்தாள். சிவப்பு. சுருள்கம்பி தெறித்துப்போன பாதி.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொல்கிறேன். ஒரு சொல்லும் என்னுடையதல்ல.

"எறிஞ்சேன், விரியல. சுருட்டின சாக்கு மாதிரி கூடவே விழுந்துச்சு. கயித்தப் பிடிச்சு உலுக்கினேன், எத்தன தடவன்னு தெரியாது. கிளிப்பு உடஞ்சதும் விரிஞ்சுது. விரிஞ்ச அடுத்த நொடி மரம். எனக்குக் கோபம் தப்பு பண்ணதுக்கு இல்ல பெரியப்பா. விழும்போது உங்க குரல் கேட்டுச்சு, பன்னெண்டுன்னு. அன்னிக்கு எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களா டப்பாவத் திறப்பீங்கன்னு பாத்தேன். வந்து ஒம்போது நாளாச்சு. இனிமே சொல்றதும் சொல்லாததும் உங்க பாடு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்குத் தபால் தாமதமாகக் கூடாது.

என்ன, சிரிக்கிறீர்களா? பின்வரிசையில் யாரோ "மாமா இந்தத் தடவ புதுசா விடுறாரு" என்கிறீர்கள். தலைவரும் சிரிக்கிறார். இதைவிடப் பெரிய அதிர்ச்சி எனக்கு வேறு உண்டா? மேகம் விழுங்கியது என்றேன், நம்பினீர்கள். கழுகுக்கு வழி சொன்னேன் என்றேன், நம்பினீர்கள். வாழ்நாளில் முதல் முறையாக உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், நம்ப மறுக்கிறீர்கள். இது என் தண்டனையின் முதல் தவணை. ஸால்கா, எழுந்து நில் அம்மா. நீயே சொல்.

கேட்டீர்களா? "நிஜந்தான். இவரு ஒண்ணும் கூட்டாம சொன்ன மொதக் கதை இது." கேட்டீர்கள் அல்லவா?

இப்போது கூடம் அமைதியாகிவிட்டது. இந்த அமைதி இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, நான் மடிக்கும் நேரத்தில், வந்திருக்க வேண்டும். வரவிடாமல் தடுத்தது யார்? நான். காற்று அவளைக் கைவிட்டது. அது காற்றின் இயல்பு. சிறகு அவளைக் கைவிட்டது. அது துணியின் இயல்பு. ஆனால் கையருகே கிளிப்புகளை வைத்துக்கொண்டு, எண்ணாமல் எண்ணிக்கை சொன்னேனே, அது எதன் இயல்பு? கைதட்டலுக்கு ஏங்கிய வாயின் இயல்பு. அவளைக் காப்பாற்றியது என் மடிப்பா? இல்லை. என் மடிப்பிலிருந்து அவளைக் காப்பாற்றியது அவள் கை. தபால் சுமந்து உரமேறிய கை. பலகையில் செதுக்க வேண்டுமானால், மைத்துனா, அந்தக் கையைச் செதுக்கு. மூக்கைச் சீவிவிடு.

உட்காருங்கள் தலைவர் அவர்களே. மருத்துவரை அழைக்க வேண்டாம். எனக்குச் சித்தம் தெளிவாகத்தான் இருக்கிறது. நீங்கள் காதில் சொன்னதைக் கூடத்துக்கும் சொல்லிவிடுகிறேன். "வயசாச்சு, ஒரு தடவ தவறிடுச்சு, விடுய்யா" என்கிறார். ஒரு தடவை என்று எனக்கு எப்படித் தெரியும்? கிளிப்பு சிவப்பாக இருந்ததால் இது அகப்பட்டது. நிறமில்லாத தவறுகள் எத்தனை? முடிச்சைப் பார்த்தேன் என்று வாய் சொல்லி, கண் பார்க்காத நாள் எத்தனை? அன்று மற்றப் பத்தொன்பதையும் நான்தான் மடித்தேன். அவற்றோடுதான் நீங்கள் கோடை முழுக்கப் பறந்தீர்கள். என்னுடையதும் அதில் ஒன்று. அதை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் நான் ஐரோப்பாவுக்கு மேலே இளித்துக்கொண்டு போனேன். நினைத்தால் உட்கார்ந்த இடம் இன்னும் நடுங்குகிறது.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. முதலாவது, இன்று ஞாயிறு. மணி மூன்றுதான் ஆகிறது. விருந்து காத்திருக்கட்டும். அத்தனை பேரும் வீட்டுக்குப் போய்ப் பைகளைக் கொண்டு வாருங்கள். இந்த மேசைகளிலேயே பிரிக்க வேண்டும். பிரித்துப் பார்க்காமல் நாளை ஒருவரும் மலையேறக் கூடாது. மடிப்பவள் ஸால்கா, எண்ணுபவள் யுஸ்தினா. எண்ணும்போது கூடத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. குறிப்பாக நான். எகான், என் பக்கத்தில் உட்கார். நான் வாயைத் திறந்தால் ரொட்டியை வைத்து அடை.

இரண்டாவது, சங்க விதிப்படி மடிப்பவனை நீக்கக் கூடத்தில் பாதிக்கு மேல் கை உயர வேண்டும். வென்செஸ்லாவ் இனி பாராசூட்டைத் தொடக் கூடாது என்பவர்கள் கை தூக்குங்கள். கூச்சப்படாதீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் தூக்குங்கள்.

யாருமே இல்லையா? இது மரியாதை என்று நினைக்காதீர்கள் நண்பர்களே. இந்த மரியாதைதான் ஏப்ரலில் கைதட்டி, ஜூலையில் அவளைக் கொல்லப் பார்த்தது.

ஸால்கா. நன்றி அம்மா. முதல் கை உன்னுடையதாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். யுஸ்தினா இரண்டு கையையும் தூக்குகிறாள். விதிப்படி ஒன்றுதான் கணக்கு. அதோ எகான். தீயணைப்புப் படை வரிசை முழுவதும். தாய்மார்கள் எல்லோரும். தலைவர் அவர்களே, உங்கள் கை பாதியில் நிற்கிறது. இன்னும் கொஞ்சம் உயரம் போங்கள், தலை சுற்றாது. போதும். யுஸ்தினா ஒவ்வொன்றாக எண்ணிவிட்டாள், நானும் எண்ணிவிட்டேன். தீர்மானம் நிறைவேறியது.

இருபத்தாறு ஆண்டுகள் என் பேச்சைப் பொறுத்துக்கொண்டதற்கு உங்களுக்கு நன்றி. இன்று பொறுத்துக்கொள்ளாமல் கை தூக்கியதற்கு அதைவிடப் பெரிய நன்றி. போய்ப் பைகளைக் கொண்டு வாருங்கள். வணக்கம்.